பரேரா சந்தில் ஒரு பள்ளம்

மழைக்காலத்தில் இலவசப் பத்திரிகை போடுவது கொஞ்சம் சிரமம். வாசலில் வீசிவிட்டுப் போனால் நனைந்து கூழாகிவிடும். கதவிடுக்கில் செருகினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் ஐப்பசி பிறந்துவிட்டால் ஒவ்வொரு பிரதியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் விநியோகிப்போம். என் மனைவி பியாட்ரிஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, காப்பி குடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து உறையில் போட ஆரம்பிப்பாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து என்னைப் பற்றிச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, மேடம். அவள் சொன்னது உண்மை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரிகிற பரேரா சந்தில் எங்கள் வீடு. மாடியில் தெருவைப் பார்த்த முன்னறைதான் ‘கரையோரம்’ வாரப் பத்திரிகையின் அலுவலகம். ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர் எல்லாம் நான் ஒருவன்தான். தண்ணீர் லாரி வராதது, பூங்காவில் விளக்கு எரியாதது, மாதா தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், பட்டினப்பாக்கத்தில் எத்தனை மணிக்கு மின்தடை, இதெல்லாம்தான் எங்கள் செய்தி. பெரிய பத்திரிகைகள் ஊரைப் பற்றி எழுதும். ஒரு சந்தைப் பற்றி யார் எழுதுவார்கள்? ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை பேப்பர் வரத் தாமதமானால் போன் செய்து கேட்பார்கள். இப்போது தெருவில் குப்பை கிடந்தால் படம் எடுத்துத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். நான் வெள்ளிக்கிழமை எழுதும்போது அது பழைய குப்பை. உறையைப் பிரிக்காமலே வாசற்படியில் கிடக்கும் பிரதிகளை நான் நடைப்பயிற்சியின்போது பார்த்துக்கொண்டே போவேன். அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை.

போன வருடம் எங்கள் சந்தில் மழைநீர் வடிகால் வேலை நடந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து தோண்டினார்கள், கட்டினார்கள், போய்விட்டார்கள். சந்து திரும்புகிற இடத்தில் வண்டல் தேங்குவதற்காகக் கட்டிய தொட்டி மட்டும் திறந்தே கிடந்தது. அதற்கு மூடி வரவில்லை. ஆள் உயரத்தைவிட ஆழம் அதிகம். தண்ணீர் நிறைந்தால் அடியிலிருக்கும் குழாய் அதைப் பெரிய வடிகாலுக்கு வேகமாக இழுக்கும்.

அந்தப் பள்ளத்தைப் பற்றி முதலில் என்னிடம் வந்து சொன்னவர் ஜஹனாரா. பள்ளத்தைத் தாண்டி இரண்டாவது வீட்டில் இருந்தார். கணவர் தவறிய பிறகு ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து மகள் மஹ்விஷைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். தி.நகரில் சில கடைகளுக்கு அவருடைய கைவேலை பிடிக்கும். சிறுவயதில் உருதுதான் படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் ‘கரையோரம்’ பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம்வரை படிக்கிறவர் எனக்குத் தெரிந்து அந்தச் சந்தில் அவர் ஒருவர்தான். ஒருமுறை மாடியேறி வந்து, “சார், நீங்க போட்டது நம்ம தெரு போட்டோ இல்ல, பக்கத்துத் தெரு. நம்ம தெருவுல அந்த மரம் ஏது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னது சரி. அடுத்த வாரம் திருத்தம் போட்டேன்.

பள்ளத்தைப் பற்றி எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. படத்தோடு மறுபடி எழுதினேன். மூன்றாவது முறை எழுதிய பிறகு ஜஹனாரா வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

“இன்னா சார், நீங்களும் எழுதிக்கினே கீறீங்க. யாரும் வர்லியே.”

வருவார்கள் என்றேன். பேப்பரில் வந்தால் நடக்கும் என்று தான் நம்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை என்னை உறுத்தியது. அதனால்தான் நானே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பொறியாளர், பெயர் வேண்டாம், மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“யாருனா வுழுந்தாங்களா சார்?”

இல்லை என்றேன். அப்படியானால் அவசரப் பட்டியலில் வராது, வரிசைப்படிதான் வரும் என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த நிலைமை அதுதான். திரும்பி வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே யோசித்தேன். இத்தனை வருடம் பத்திரிகை நடத்தி நான் கற்றுக்கொண்டதும் அதேதான். நடக்கப்போவதை எழுதினால் யாரும் படிப்பதில்லை. நடந்ததை எழுதினால்தான் படிக்கிறார்கள்.

நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்ததும் ஒப்பந்தக்காரர் தன் மேற்பார்வையாளரை அனுப்பினார். அவன்தான் பொன்ராஜ். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முப்பது வயதிருக்கும். வேலையைச் சுத்தமாகச் செய்தான். பள்ளத்தின் இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு வைத்தான். தண்ணீர் தேங்கினால் தடுப்பு மூழ்கிவிடும் என்று அவனுக்கே தோன்றி, பள்ளத்தின் ஓரத்தில் உயரமான சவுக்குக் கழி ஒன்றை நட்டான். அதில் கட்டுவதற்குத் துணி கேட்டபோது ஜஹனாராதான் வீட்டுக்குள் போய் ரவிக்கையில் மிஞ்சிய சிவப்புத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்ராஜ் என்னைப் பார்த்து, “மழ நிக்கட்டும் சார், மூடி வந்துரும். அதுவரைக்கும் இந்தக் கழியப் பாத்து நடக்கச் சொல்லுங்க” என்றான்.

எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. காரணம் சொல்கிறேன். நல்ல தடுப்பு வைத்த பள்ளம் பள்ளமாகவே இருந்துவிடும். திருவான்மியூரில் என் நண்பர் டெரன்ஸ் வீட்டுத் தெருவில் அப்படி ஒரு தடுப்பு துருப்பிடித்து, அதில் கொடி படர்ந்து, வேர்விட்டு நிற்கிறது. தடுப்பு வைத்ததும் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஒரு தடுப்பு, ஒரு கழி, ஒரு துணி, அவ்வளவோடு என் மூன்று கட்டுரையும் செத்துப்போயின. குரூப்பில் யாரோ பொன்ராஜுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. பத்திரிகையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூடி வராது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அந்தப் புதன்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பியாட்ரிஸ் வீட்டில் இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கலங்கின தண்ணீர், தரை தெரியவில்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. பொன்ராஜ் நினைத்தது போலவே தடுப்பின் மேல்விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. கழி நன்றாகத் தெரிந்தது.

தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பியாட்ரிஸிடம் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குடையைப் படியிலேயே வைத்துவிட்டேன், இரண்டு கையும் வேண்டியிருந்தது. முதலில் தடுப்புகளை இழுத்து எதிர்ச் சுவர் ஓரமாகத் தண்ணீருக்கடியில் படுக்க வைத்தேன். கனமாகத்தான் இருந்தன. அதோடு போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கழியைப் பார்த்தேன்.

நீங்கள் இந்த ஊர்க்காரர், உங்களுக்கே தெரியும். தண்ணீர் தேங்கிய தெருவில் அடையாளம் எதுவும் இல்லையென்றால் ஜனங்கள் காலால் தடவித் தடவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். யாரும் எளிதில் விழமாட்டார்கள். அடையாளம் இருந்தால்தான் அதை நம்பி வேகமாக நடப்பார்கள். அதனால் கழியைப் பிடுங்கி, சந்தின் மறுபக்கம் சரளைக்கல் குவியல் இருந்த இடத்தில் நட்டேன். அங்கே தரை கெட்டி. கழி சாயாமல் நிற்பதற்காகத் துணியின் நுனியைப் பக்கத்து ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டினேன். துணி ஈரத்தில் சாயம் விட்டது.

பைக்கில் வருகிற யாராவது ஒருவர் சறுக்குவார், கால் பிசகும், நாலு பேர் கூடுவார்கள், நான் படம் எடுப்பேன். இவ்வளவுதான் என் கணக்கு. ஒருவருக்குக் கொஞ்சம் வலி, ஒரு சந்துக்கு முழுப் பாதுகாப்பு. இதில் எது நியாயமில்லை என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

மேலே வந்தபோது பியாட்ரிஸ் துண்டு கொடுத்தாள்.

“குடை எடுத்துட்டுத்தானே போனீங்க? கையில என்ன செவப்பு?”

மை என்றேன். எங்கள் வீட்டில் மை இருந்து பல வருடம் ஆகிறது. எல்லாம் கம்ப்யூட்டர்தான். அவள் சமையலறைக்குப் போனாள். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நான் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

விழுந்தது ஜஹனாரா. தி.நகரில் கடைக்குத் துணி கொடுத்துவிட்டு, பஸ் எங்கோ நின்றுபோய், பாதி தூரம் நடந்தே வந்திருக்கிறார். தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தது நான். முதலில் ஓடி இறங்கியதும் நான். பள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினேன். அதைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள், நீங்கள் விசாரிக்கலாம். ஆனால் அடியில் இழுப்பு அதிகமாக இருந்தது. மழை விட்ட பிறகு அடுத்த தெருவில் வடிகாலின் திறப்பில்தான் உடல் கிடைத்தது. துணிப்பையின் வார் தோளிலேயே இருந்தது.

கழியைப் பழைய இடத்தில் நட்டுவிடலாமா என்று அந்தக் கூட்டத்தில் ஒரு கணம் யோசித்தேன். நட்டிருந்தால் அது வெறும் விபத்து. கழி இருந்தும் பார்க்காமல் விழுந்தார் என்று ஜஹனாராமேலேயே பழியைப் போட்டுக் கோப்பை மூடியிருப்பார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் ‘கரையோரம்’ மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது. ‘எச்சரிக்கையே எமனானது’ என்று தலைப்பு வைத்தேன். கெட்டித் தரையில் நிற்கும் சிவப்புத் துணி, அதற்கு எதிரே திறந்த பள்ளம், இரண்டும் ஒரே படத்தில். டி.வி.க்காரர்கள் அந்தப் படத்தைத்தான் வாங்கிப் போட்டார்கள். எங்கள் வீட்டு மாடியில் நின்று பேட்டி கொடுத்தேன். முன்பே மூன்று முறை எழுதியதைக் காட்டினேன். அடுத்த மழைக்கு முன்னால் எங்கள் சந்துக்கு மட்டுமல்ல, வார்டு முழுக்க மூடி வந்துவிட்டது. எனக்கு டீ கொடுத்த அதே பொறியாளர் வெயிலில் நின்று வேலை வாங்கினார். இப்போது அந்தச் சந்தில் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். போய்ப் பாருங்கள்.

மஹ்விஷ் ஒருநாள் மேலே வந்தாள். கறுப்புத் துப்பட்டா, கையில் எங்கள் பத்திரிகை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அம்மாவுக்காகக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் அங்கிள்” என்றாள்.

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன். மறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா.

பொன்ராஜைக் கைது செய்தது எனக்கு எதிர்பாராதது இல்லை. யாரையாவது செய்துதான் ஆகவேண்டும். கழியைச் சரியான இடத்தில்தான் நட்டேன், தடுப்பு வைத்தேன் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். தடுப்பு எதிர்ச் சுவரோரம் கிடந்தது. அவன் அதைப் பள்ளத்தருகே ஒழுங்காக வைக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். ஒப்பந்தக்காரர் கைகழுவிவிட்டார். தெருவில் யாரும் அவனுக்காக வாய் திறக்கவில்லை. என் கட்டுரையைப் படித்தவர்கள் எப்படித் திறப்பார்கள்? நன்றி சொன்ன அதே குரூப்பில் அவன் படத்தைப் போட்டுக் காறித் துப்பினார்கள். சின்ன வயசுதான், ஜாமீன் கிடைக்கும், வேறு ஊரில் வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன்.

போன வாரம் அவன் மனைவி வேம்பு வந்தாள். கைக்குழந்தையோடு, விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புழல் சிறையில் அவனைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள். ஒரு காது சரியாகக் கேட்கவில்லையாம் அவனுக்கு. உள்ளே யாரோ அடித்திருக்கிறார்கள். ஒரு பொம்பளையைக் கொன்றவன் என்று சொல்லி அடித்தார்களாம். தான் நட்ட இடமே தப்போ என்று இப்போது அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றாள்.

“அவுக சரியாத்தான் வச்சாக சார். ஒங்க சன்னல்லருந்து பாத்தாத் தெரியுமே. பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அமைதியாகத்தான் சொன்னேன். அவள் அழவில்லை. குழந்தைதான் பசியில் அழுதது. பியாட்ரிஸ் உள்ளேயிருந்து பால் ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் குழந்தை குடித்து முடிக்கிறவரை பியாட்ரிஸ் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை பூசைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். கோயிலுக்குப் போகவில்லை. இங்கே வந்திருக்கிறாள்.

கையில் சிவப்புச் சாயம், குடை இருந்தும் நனைந்தது, மை என்று பொய் சொன்னது, இவைதான் அவளுக்குத் தெரியும். அதை வைத்தே அவள் மீதியைக் கட்டிக்கொண்டுவிட்டாள். முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள் அல்லவா.

நீங்கள் நேற்றிலிருந்து ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விழுவதை நீங்கள் பார்த்தீர்களா, குரல் கொடுக்க நேரம் இருந்ததா என்று. சத்தம் கேட்டுத்தான் ஜன்னலுக்கு வந்தேன் என்று நேற்று சொன்னேன். அது சரியில்லை. நான் ஜன்னலில்தான் இருந்தேன். அவர் நெடுஞ்சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். மழையிலும் அந்த நடை யாருடையது என்று தெரிந்தது.

பைக்கில் வருகிற யாராவது என்றுதான் நினைத்திருந்தேன் என்று சொன்னேன் இல்லையா. அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு வருத்தம் வந்தது. உண்மையான வருத்தம். அதே சமயம், எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவர், எல்லோருக்கும் பிடித்தவர், இவர் விழுந்தால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள் என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றின. எது முதலில் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குரல் கொடுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். கொடுத்தேன், மேடம். அதைத்தான் பியாட்ரிஸ் கேட்கவில்லை, உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஜஹனாரா அப்படியே நடந்து வந்துவிடவில்லை. கழி இடம் மாறியிருப்பது போல அவருக்குப் பட்டிருக்க வேண்டும். துணியைக் கொடுத்தவர், நட்டபோது பக்கத்தில் நின்றவர். பள்ளத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றுவிட்டார். துணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, ஜன்னலில் நான் இருப்பதைப் பார்த்தார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“ஹென்றி சார், பள்ளம் எந்தப் பக்கம் கீது? ஒண்ணும் தெரியலயே.”

“துணி கட்டியிருக்கு பாருங்கம்மா, அங்கதான்” என்றேன். “அதை விட்டு இந்தப் பக்கமா வாங்க.”

கையையும் நீட்டிக் காட்டினேன்.

“சரி சார்” என்றார். குரலில் நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு அவர் காலால் தடவிப் பார்க்கவில்லை.